எல்லைக்கோடு இடம் மாறலாமா?

மனிதன் வரைந்த எல்லைக்கோடு ஓடுகின்ற ஆற்றுக்குத் தெரியாது. பெருகி வரும்போது அது கரையை அரிக்கும், சாலையையும் விழுங்கும். அவ்வாறு அழிந்த சாலையை மீண்டும் அமைப்பதற்காகக் காப்புக்காட்டின் எல்லையை மாற்றலாமா? அமெரிக்க நாட்டில் எழுந்த இவ்வினாவைப் பற்றி நாமும் சற்றுச் சிந்திப்போம்.

வாஷிங்டன் மாநிலத்தில் ஷெலான் என்னும் ஏரி சுமார் 50 மைல் நீண்டு கிடக்கிறது. அதன் மேல்முனையில் ஸ்டெஹீகின் என்னும் சிற்றூர் உள்ளது. வெளியூர்களிலிருந்து அங்குச் செல்லச் சாலை கிடையாது. படகிலோ, சிறு விமானத்திலோ, கால்நடையாகவோதான் போக வேண்டும். ஆயினும் அவ்வூரிலிருந்து ஆற்றோரமாக மலைக்குள் ஏறத்தாழ 23 மைல் தூரம் ஒரு சாலை சென்றது.

காட்டைக் காட்டாகவே விட்டுவைக்க வேண்டும் என்று 1964-இல் அந்நாட்டில் ஒரு சட்டம் பிறந்தது. அதன் காவலில் உள்ள நிலத்தில் புதுச் சாலை போடக் கூடாது. மோட்டார் வண்டி ஓட்டக் கூடாது. 1988-இல் வடக்கு காஸ்கேட்ஸ் தேசியப் பூங்காவின் பெரும்பகுதி இக்காவலுக்குள் வந்தது. ஸ்டெஹீகின் சாலைக்கு மட்டும் குறுகிய பட்டை ஒன்று விலக்கி விடப்பட்டது. 1995-இலும் 2003-இலும் வந்த வெள்ளங்கள் அச்சாலையைச் சிதைத்தன. சுமார் 13 மைலுக்கு அப்பால் வண்டிகள் செல்ல இயலவில்லை. வெள்ளம் எட்டாத மேட்டில் சாலையைப் போடலாமென்றால், அம்மேடோ காப்புக்காட்டுக்குள் இருந்தது!

எனவே எல்லையை நகர்த்தவும், எடுக்கும் அளவு நிலத்தை வேறிடத்தில் சேர்க்கவும் ஒரு மசோதா எழுந்தது. 2009-இல் பிரதிநிதிகள் சபை அதனை ஏற்றது. ஆயினும் அது சட்டமாகவில்லை.

எல்லையை மாற்றக் கோரியவர்களின் வாதம் எளிதில் தள்ளத் தக்கதன்று. சாலை இருக்கட்டும் என்று கருதித்தானே சட்டம் செய்தவர்கள் அப்பட்டையை விட்டார்கள்? ஆறு இடம் மாறியது மக்கள் குற்றமா? நெடுந்தூரம் நடக்க இயலாத முதியோரும் ஊனமுற்றோரும் மலையின் அழகைக் காண வேண்டாமா? இவை நெஞ்சைத் தொடும் கேள்விகளே.

எனினும் எல்லையை அப்படியே விடுவதே நன்று என்பது எம் கருத்து. ஏக்கருக்கு ஏக்கர் ஈடு என்பது கணக்கில் சரியாகும், காட்டில் சரியாகுமா? நூறாண்டு நின்ற மரத்தை வெட்டிவிட்டு, வேறோரிடத்து நிலத்தைக் காட்டினால், வெட்டிய மரம் திரும்புமா? மேலும், ஒரு சாலைக்காக இன்று நகரும் கோடு, நாளை அணைக்காகவும் சுரங்கத்துக்காகவும் நகராது என்று யார் உறுதி கூற முடியும்? வேலியே நடக்கத் தொடங்கினால் பயிரை யார் காப்பது?

முதியோரை மறக்கச் சொல்லவில்லை. எஞ்சியுள்ள சாலையைச் செம்மையாகப் பேணி, அதில் பேருந்து விட்டு, அவர்களை இயன்ற தூரம் அழைத்துச் செல்லலாம். அதற்கு ஒரு மரத்தையும் வெட்ட வேண்டியதில்லை.

தோழியரே, காப்புக்காட்டின் எல்லை என்பது இன்றுள்ளோர் நாளை பிறப்போருக்குக் கொடுத்த வாக்கு. வாக்கைக் காப்பது வசதியான நாளில் எளிது. சாலை அழிந்த நாளிலும் காப்பதே பெருமை. எந்நாட்டுக் காடாயினும் நாம் இதனை மறவாதிருப்போமாக!