நந்தி மலைத் தண்ணீர்

கெலவரப்பள்ளி அணையில் மதகைத் திறந்தால் ஓசூர்க்காரர் கண்ணில் முதலில் படுவது நுரைதான். நந்திமங்கலம் பக்கம் தரைப்பாலத்தை அது மூடிக்கொள்ளும் நாட்களில் பைக்கில் வருகிறவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு நிற்பார். காற்றடித்தால் ஒரு கட்டி பஞ்சுப்பொதிபோலப் பிய்ந்து பறந்து, பக்கத்துத் தோட்டத்தில் போய் உட்காரும். கிட்டே போனால் சாக்கடை வாடை.

பெங்களூருவின் சோப்புத்தூளும் சுத்திகரிக்காத கழிவுநீரும் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளில் தங்கித் தென்பெண்ணை ஆற்றுக்கு வருகின்றன. மதகில் விழுந்து அடிபடும்போது நுரைக்கின்றன. பெல்லந்தூர் ஏரி 2015-லும் 2017-லும் தீப்பிடித்தே எரிந்தது. 2018 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு 50 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அதற்குப் பிறகும் ஓசூருக்கு நுரை வராமல் இல்லை.

இத்தனைக்கும் தென்பெண்ணை பிறப்பிலேயே சாமி பெயர் வாங்கிய ஆறு. பிறந்த இடம் நந்தி மலை. கன்னடத்தில் தட்சிண பினாகினி. பினாகம் சிவனுடைய வில். கடலூரில் கடலைச் சேர்வதற்குள், தை 5-ஆம் நாள் மணலூர்பேட்டையில் அண்ணாமலையாரே வந்து தீர்த்தவாரி ஆடுகிறார். ஆடிப்பதினெட்டன்று ஊத்தங்கரைப் பக்கம் அனுமன்தீர்த்தத்தில் கூட்டம் நெரியும். ஊர்ச்சாமிகளின் கத்தியையும் வேலையும் சூலத்தையும் கொண்டுவந்து ஆற்றில் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து எடுத்துப்போவார்கள். ஓசூரில் நுரைத்த அதே ஆறுதான்.

அமெரிக்க வரலாற்றாசிரியர் லின் ஒயிட் 1967-ல் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை, சூழல் சீரழிவுக்கு மேற்கத்தியக் கிறிஸ்தவத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. மரத்துக்கு மரம், ஓடைக்கு ஓடை தெய்வம் இருந்த காலத்தில் மனிதன் கைவைக்கத் தயங்கினான். அந்தத் தெய்வங்களை விரட்டியபின் பயம் விட்டுப்போயிற்று என்பது அவர் கட்சி. ஒயிட்டை ஒரு தடவை கெலவரப்பள்ளிக்கு அழைத்து வந்திருக்கலாம். இங்கே ஓடைத் தெய்வம் எங்கும் போய்விடவில்லை. பூசையும் நிற்கவில்லை.

விதி இல்லாமலும் இல்லை. நீரில் சிறுநீர், மலம், எச்சில் விடக்கூடாது என்று மனுஸ்மிருதியே சொல்கிறது. ஆனால் அது கரையில் நிற்கிற ஆளுக்குச் சொன்னது. அடுக்குமாடியின் 12-ஆவது தளத்தில் பொத்தானை அமுக்குகிறவர் எந்த ஆற்றின் கரையிலும் நிற்கவில்லை. நடுவில் ஒரு குழாய் வந்ததும் பாவம் யார் கணக்கில் சேரும் என்பது குழம்பிவிட்டது. ஓசூர் சிப்காட்டில் ஆயுதபூசையன்று லேத், ஃபோர்க்லிஃப்ட், கேட் என்று எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்து வாழைக்கன்று கட்டுகிறார்கள். கழிவுநீர்க் குழாயின் வாய்க்கு யாராவது பொட்டு வைத்ததுண்டா?

2019 வறட்சியின்போது கோயில்களில் மழை வேண்டி யாகம் நடத்தச் சொல்லி இந்து சமய அறநிலையத் துறை சுற்றறிக்கை அனுப்பியது. சிவன் கோயில்களில் நந்தியைச் சுற்றித் தொட்டி கட்டி, கழுத்தளவு தண்ணீர் நிரப்புவதும் அதில் ஒரு வழிபாடு. கேலி செய்ய ஒன்றுமில்லை. தவித்தவன் வானத்தைப் பார்க்கத்தான் செய்வான். ஆனால் வருணனிடம் கேட்பதில் ஒரு வசதி உண்டு. அவர் பதில் மனு போடமாட்டார், வாய்தாவும் கேட்கமாட்டார். பக்கத்து மாநிலத்திடம் நுரையைப் பற்றிக் கேட்டால் இரண்டும் நடக்கும்.

பக்தி ஒன்றுக்கும் உதவாது என்றால் தளி, ஜவளகிரி விவசாயி ஒப்புக்கொள்ளமாட்டார். ராகி முற்றும் பருவத்தில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைகள் கூட்டமாக இறங்கும். ஒரே இரவில் ஒரு வருசத்துச் சோறு போய்விடும். பரண்மேல் டார்ச்சும் பட்டாசுமாகக் காவல் இருக்கிறவர் வாயிலும் 'சாமி, போயிரு சாமி' என்றுதான் வரும். விநாயகரை எப்படி ஏசுவது? இத்தனை சேதத்துக்குப் பிறகும் அங்கே மனிதனும் யானையும் இருப்பதற்கு வனத்துறை தரும் இழப்பீடு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. எதிரில் நிற்கிற யானையிடம் கை தானாகக் குவிகிறது.

கம்பிக்குக் கை இல்லை. வேலியில் திருட்டுத்தனமாக மின்சாரத்தைக் கொடுத்துவிட்டு வீட்டில் படுத்துத் தூங்குகிறவர் யானையைப் பார்ப்பதே இல்லை. 2023 மார்ச் 7 அன்று, பக்கத்துத் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே காளிகவுண்டன்கொட்டாயில் அப்படியொரு வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்துக்கிடந்தன. நிலத்துக்காரர் கைதானார். உடன் வந்த குட்டிகள் இரண்டும் உயிர் தப்பி, கிடந்த உடல்களையே சுற்றிச் சுற்றி வந்தன.