ஜால்ராவுக்கும் எடை இருக்குதுங்க

தலைப்பப் பாத்துட்டு யாரோ அரசியல்வாதியத் திட்டப் போறேன்னு ஓடி வந்தவங்க மன்னிக்கணும். இது நெஜ ஜால்ராவப் பத்தின பதிவு :-) ட்ரம்ஸ் செட்டுல, வாசிக்கறவருக்கு இடது பக்கமா ஒரு ஸ்டாண்டுல ரெண்டு தட்டு ஒண்ணு மேல ஒண்ணா இருக்குமே, காலால மிதிச்சா மூடும், விட்டா திறக்கும், அதுக்குப் பேரு ஹை-ஹாட். அந்தத் தட்டோட எடையப் பத்தி எனக்கு ஒரு கருத்து இருக்குது. ட்ரம்ஸ் வாசிக்காதவங்களும் தாராளமா படிக்கலாம். கல்யாண வீட்டுல அந்தச் சத்தத்தக் கேக்கறது நீங்கதானே!

மொதல்ல என் தகுதியச் சொல்லிடறேன். காங்கேயத்துல ஒரு அரிசி ஆலைல கணக்கு எழுதறேன். அதுக்கு முன்னாடி பத்து வருசம் உள்ளூர் ஆர்க்கெஸ்ட்ரா ஒண்ணுல ட்ரம்ஸ் வாசிச்சேன். பெரிய வித்வான் எல்லாம் கிடையாது. ஈரோட்டுலருந்து பழனி வரைக்கும் எந்த மண்டபத்துல பந்தி எந்தப் பக்கம்னு கண்ண மூடிட்டுச் சொல்லுவேன், அவ்வளவுதான்.

இப்ப என்ற அக்கா பையன் வாசிக்கறான். வெள்ளகோவில் பக்கம் ஒரு தறி குடோன்ல வேலை, முகூர்த்த நாள்ல ட்ரம்ஸ். ஷிப்டு மேல ஷிப்டு ஓட்டி ஆறு மாசமா சேத்த காசுல, போன தை மாசம் புதுசா ஒரு ஹை-ஹாட் வாங்கிட்டு நேரா எங்க வீட்டுக்குத்தான் வந்தான்.

"மாமா, கையில தூக்கிப் பாருங்க. என்னா கனம்! குடுத்த காசுக்குச் சரியான சாமானுங்க."

தூக்கிப் பாத்தேன். தோசைக்கல்லு மாதிரி இருந்துச்சு. அவன் மொகத்துல இருந்த சந்தோசத்தப் பாத்துட்டு வாய மூடிக்கிட்டேன். அங்கதான் தப்புப் பண்ணுனேன்.

அடுத்த வாரம் ஒரு ரிசப்ஷன். மார்பிள் தரை, கண்ணாடி ஜன்னல், வழுவழுன்னு சுவரு. சத்தம் எங்க பட்டாலும் திரும்பி வர்ற மண்டபம். மூணாவது பாட்டுலயே முன் வரிசை ஆத்தாமாருங்க எந்திரிச்சு பின்னாடி போயிட்டாங்க. மைக்செட்டுத் தம்பி, "ஹை-ஹாட் மைக்க முழுசா எறக்கிட்டேன், அப்பவும் பாட்டுக்கு மேல வருது, நான் என்ன பண்ணட்டும்?"னு கையப் பெசயறாரு. பாடற பொண்ணு எடைவேளையில, "அண்ணா, என்ற குரல் எனக்கே கேக்கல"ன்னு அழாத கொறையா சொல்லுச்சு. கடைசில ட்ரூப்பு ஓனர் இவனத் தனியாக் கூப்பிட்டு, "அடுத்த முகூர்த்தத்துக்கு வேற தட்டு கொண்டா, இல்லீன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்"னுட்டாரு. ஆறு மாச உழைப்பு, அதாலயே பொழப்புக்கு ஆபத்து.

மறுநாள் அந்தத் தட்டுகள ஆலைக்கு எடுத்துட்டு வரச் சொன்னேன். அரிசி சாம்பிள் எடை போடற மின்தராசுல வெச்சோம். மேல்தட்டு 1290 கிராம், கீழ்த்தட்டு 1510 கிராம். என்னோட பழைய ஜோடி மேல 910, கீழ 1180. ரெண்டு ஜோடியும் 14 இன்ச்தான். ஒரே அகலம், இவ்வளவு வித்தியாசம்.

இந்த எடைதான் விசயமே. அகலம் ஒண்ணா இருந்து எடை கூடுச்சுன்னா, தகடு தடிமனா இருக்குதுன்னு அர்த்தம். தடிமன் கூடக் கூட தகடு வெரைப்பாகி வேகமா அதிரும், சுருதி மேல ஏறும். ஸ்டிக் பட்ட எடத்துல 'டிங்'னு தெளிவாக் கேக்கும், சத்தமும் அதிகம், அடங்கவும் நேரமாகும். ஆனா மெதுவா வாசிச்சா வாயே திறக்காது. லேசான தட்டு இதுக்கு நேர் எதிர். தொட்டாலே பேசும், சுருதி கொஞ்சம் எறங்கி இருக்கும், சட்டுனு அடங்கிடும். ரொம்ப ஓங்கி அடிச்சா ஒரு அளவுக்கு மேல சத்தம் ஏறாது. தோராயமாச் சொன்னா 14 இன்ச்சுல மேல்தட்டு 900 கிராமுக்குக் கீழ இருந்தா லேசு, 1000 சுத்தி இருந்தா நடுத்தரம், 1200 தாண்டினா கனம். குமிழோட அளவு, தட்டோட வளைவு, சுத்தியல் அடி எல்லாம் சேந்து இத மாத்தும்தான். ஆனாலும் கடைக்குப் போறப்ப கையில இருக்க வேண்டிய மொதல் தகவல் எடைதான்.

ஜோடியில மேலதும் கீழதும் ஒரே எடையா இருக்கணும்னு இல்லீங்க. பல கம்பெனிகள் கீழ்த்தட்டக் கனமாத்தான் செய்யறாங்க. ஜில்ஜியன் கம்பெனியோட பேர் போன நியூ பீட் ஜோடியில மேல நடுத்தரம், கீழ கனம். காலால மிதிக்கறப்ப அந்தக் கனமான கீழ்த்தட்டுதான் 'சிக்'னு சுத்தமா ஒரு சத்தம் குடுக்கும். லேசான மேல்தட்டு ஸ்டிக்குக்குச் சுளுவா வளைஞ்சு குடுக்கும். ரெண்டு தட்டும் ஒரேயடியா ஒட்டிக்கிட்டா நடுவுல காத்து மாட்டி 'சிக்' செத்துப் போகும். அதுக்குத்தான் ஸ்டாண்டுல கீழ்த்தட்டச் சாய்க்க ஒரு திருகு இருக்குது. கீழ்த்தட்டுல ஓட்டை போடறதும், ஓரத்த அலையலையா வளைக்கறதும்கூட அந்தக் காத்து வெளிய போகத்தான்.

இது என்னமோ வெள்ளக்காரன் சமாச்சாரம்னு நெனச்சுடாதீங்க. பரதநாட்டிய நட்டுவாங்கத்துல குருமாருங்க வெச்சிருக்கற தாளத்தப் பாத்திருக்கீங்களா? ஒரு கையில இரும்பு, இன்னொரு கையில வெண்கலம். ஒண்ணு அடிக்கறது, ஒண்ணு பாடறது. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும்னு அவங்க யாரும் அடம் பிடிக்கல. ஹை-ஹாட் அவங்களுக்கு ரொம்பப் பிந்தி வந்தது. 1920கள்ல அமெரிக்காவுல தரையோட ஒட்டி, காலால மட்டும் மூடித் திறக்கற தட்டாத்தான் மொதல்ல இருந்துச்சு. அப்புறம்தான் கைக்கு எட்டற உயரத்துக்கு ஏத்துனாங்க. 1930கள்ல கவுண்ட் பேஸி குழுவுல ஜோ ஜோன்ஸ், தாளத்தக் கொண்டு போற வேலைய பாஸ் ட்ரம்முகிட்ட இருந்து எடுத்து ஹை-ஹாட்டுகிட்டக் குடுத்தாரு.

உலோகமும் நமக்குச் சொந்தக்காரந்தான். நல்ல சிம்பல்கள் 80 பங்கு செம்பு, 20 பங்கு வெள்ளீயம் கலந்த வெண்கலம். 1623-ல இஸ்தான்புல்ல ஆரம்பிச்ச ஜில்ஜியன் குடும்பம் இன்னிக்கும் இந்தக் கலவையிலதான் தன்னோட ஒசத்தி சரக்க ஓட்டுது. வெள்ளீயம் இவ்வளவு இருந்தா சும்மா ஆற விட்டா ஒடைஞ்சிடும். பழுக்கக் காய்ச்சி தண்ணியில முக்குனா அடி தாங்கும். ஆதிச்சநல்லூர்லயும் நீலகிரியிலயும் கெடச்ச பழைய பாத்திரங்கள்லயும் வெள்ளீயம் தூக்கலான வெண்கலம் உண்டு. விலை கம்மி செட்டோட வர்ற தட்டு பித்தளையா இருக்கும். அது எவ்வளவு கனமா இருந்தாலும் பாத்திரக்கடை சத்தந்தான்.

எங்க அப்பாரு கண்ணபுரம் மாட்டுத் தாவணியில காளைக்குக் கழுத்து மணி வாங்கறதப் பாத்திருக்கேன். கையில வெச்சு எடை பாக்க மாட்டாரு. கயித்துல தொங்க விட்டு வெரலால சுண்டுவாரு. கடைக்காரன, "நீயி அக்கட்டால போயி ஆட்டு"ம்பாரு. இருபதடி தள்ளி நின்னு கேப்பாரு. மணி அடிக்கறது காளைக்குப் பக்கத்துல, கேக்கறது காட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கறவன்ங்கறது அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு. ட்ரம்மரும் இதத்தான் பண்ணணும்ங்கறேன். வேற ஒருத்தர வாசிக்கச் சொல்லிட்டு, கடைக்கு வெளிய நின்னு கேக்கணும். ஸ்டூல்ல உக்காந்து கேக்கறவன் காதும் முன் வரிசை ஆத்தா காதும் ஒண்ணு கெடையாது.

காதுன்னதும் இந்தப் பதிவோட முக்கியமான எடத்துக்கு வர்றேன்.

என் பழைய ஜோடிய அவன்கிட்டக் குடுத்து வாசிக்கச் சொன்னேன். வாசிச்சுட்டு, "என்னங்க மாமா, துணி போத்துன மாதிரி இருக்குது"ன்னான். எனக்கோ கணீர்னு கேக்குது. ரெண்டு பேரும் ஒரே ரூமுல, ஒரே தட்டக் கேக்கறோம். எனக்குச் சுருக்குனுச்சு. ராத்திரி வாசல்ல உக்காந்திருந்தப்ப, "சில்வண்டு கத்துதே, கேக்குதாடா?"ன்னேன். "எங்கீங்க மாமா?"ன்னான்.

தறி குடோன்ல சத்தம் 90 டெசிபலத் தாண்டறது சகஜம். 85 டெசிபல்னா ஒரு நாளைக்கு 8 மணி நேரம்ங்கறது ஒரு கணக்கு. அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94-க்கு ஒரு மணி நேரம், 100-க்குக் கால் மணி நேரம். இவன் பகல் பூரா தறிக்குப் பக்கத்துல, ராத்திரி தட்டுக்குப் பக்கத்துல. இந்த மாதிரிச் சத்தத்துல மொதல்ல அடி வாங்கறது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்துல இருக்கற மேல் சுருதி. ஹை-ஹாட்டோட பளபளப்பு இருக்கறதும் அந்த மேல் பக்கத்துலதான். அந்தப் பக்கம் காது மங்கினவனுக்கு நல்ல தட்டே மந்தமாத் தெரியும். அதனால இன்னும் கனமானத, இன்னும் கூர்மையானதத் தேடிப் போவான். அது காத இன்னும் கெடுக்கும். உப்பு ஒறைக்காதவன் சமையல் பண்ணுன கதைதான்.

டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். பரிசோதனைக் கோடு சரியா 4000-க்கிட்டக் கீழ எறங்கி இருந்துச்சு. போனது திரும்பாது, இருக்கறதக் காப்பாத்திக்கலாம்னாரு. அவனுக்கு வயசு 24. பஸ்ல திரும்பி வர்றப்ப ரெண்டு பேரும் பேசவேயில்ல.

அதனால என் கருத்து இதுதாங்க. கனமான ஹை-ஹாட் மோசம்னு நான் சொல்லல. தைப்பூசத்துக்கு சிவன்மலை அடிவாரத்துல, திறந்த வெளியில, தேர்க்கூட்டத்துக்கு நடுவுல வாசிக்கறதுன்னா அதுதான் வேணும். சத்தமான கிடார் குழுவுக்கும் அதுதான் சரி. ஆனா நம்ம பக்கத்து ட்ரம்மருங்க பொழைக்கறது மண்டபத்துல. அங்க பாதிப் பாட்டு மெலடி. மேல 900-லருந்து 1000, கீழ 1200 பக்கம் இருந்தாப் போதும், அதுவே தாராளம். கனத்தத் தரம்னு நெனக்கறது கல்யாணத்துல நகைய எடை போட்டுப் பாக்கற புத்தி. தங்கத்துக்கு அது சரி, தட்டுக்கு ஆகாது.

கடைக்காரங்களுக்கும் ஒரு வேண்டுகோள். விலைச் சீட்டுல அரைச்சாண் நீளத்துக்குப் பேரு போடறீங்க, கிராம் எவ்வளவுன்னு ஒரு வரி போட்டா என்னங்க? ஒரு தராசு வெச்சா முடிஞ்சுது. ஷிப்டு ஓட்டிக் காசு சேத்துட்டு வர்ற பசங்களுக்கு அது பெரிய உபகாரம்.

இப்ப அவன் தறியிலயும் ட்ரம்ஸ்லயும் காதுக்கு அடைப்பான் போட்டுக்கறான். மொதல்ல கூட வேலை செய்யறவங்க கிண்டல் பண்ணுனாங்களாம், இப்ப இன்னும் ரெண்டு பேரு போடறாங்களாம். கனமான ஜோடிய விக்க மனசில்லாம வெளிமேடைக்குன்னு வெச்சிருக்கான். மண்டபத்துக்கு என்னோட பழசு.

போன முகூர்த்தத்துல நான் போயி முன் வரிசையில உக்காந்தேன். பாடற பொண்ணு குரல் வார்த்தை வார்த்தையாக் கேட்டுச்சு. அதுக்கு அடியில ஹை-ஹாட் நெல்லு பொடைக்கற மாதிரி சன்னமாப் போய்க்கிட்டிருந்துச்சு. ஆத்தாமாருங்க யாரும் எந்திரிக்கல. எனக்குப் பக்கத்துல ஒரு அப்பாரு உக்காந்த வாக்குலயே தூங்கிட்டாரு. எறங்கி வந்தவன் மொகம் வாடி, "மாமா, அந்த அப்பாரு தூங்கிட்டாருங்க"ன்னான்.

"அதாண்டா உனக்கு சர்டிபிகேட்டு"ன்னேன் :-)