காப்பும் கணனியும்

சென்ற மாதம் ஒரு ஞாயிறு பிற்பகல், என்னிடம் முன்னர் பௌதிகம் பயின்ற மாணவி ஒருத்தி தன் தாயாருடன் வெள்ளவத்தையிலுள்ள என் இல்லத்துக்கு வந்திருந்தாள். அவர்கள் கொட்டாஞ்சேனைவாசிகள். மகள் இப்போது மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை பயில்கிறாள். தாயார் கைப்பையிலிருந்து மடித்த தாளொன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். கணனிக் கடையொன்றில் எழுதிக் கொடுத்த விலைச்சீட்டு அது.

“சேர், இதைத்தான் வாங்கவேணுமெண்டு கடைக்காரர் சொல்லுறார். என்ரை காப்பு இரண்டையும் அடகு வைச்சால் சரிவரும். நீங்கள் ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ” என்றார்.

சீட்டிலே கண்ட தொகையிற் பெரும்பங்கை ‘கிராபிக்ஸ் கார்ட்’ என்னும் படப் பலகை ஒன்றே விழுங்கியிருந்தது. கட்டடம் வரையும் பிள்ளைக்கு அஃது இன்றியமையாதது என்று கடைக்காரர் கூறினாராம். பிள்ளை செய்யப்போகும் வேலை யாதென்று அவர் கேட்டாரா என வினவினேன். கேட்கவில்லையாம்.

அவள் செய்யப்போவது படம் வரைதல் அன்று; கணக்குப் பார்த்தல். ஒரு கட்டடம் ஆண்டு முழுவதும் எவ்வளவு சூடேறும், அதைக் குளிர்விக்க எவ்வளவு மின்சாரம் செலவாகும் என்பவற்றை, கல்லொன்று வைக்குமுன்னரே கணித்தறியும் வேலை. வெள்ளவத்தையில் இதன் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே மேற்கு நோக்கி எழுந்து நிற்கும் கண்ணாடி முகப்பு மாடிகளில் மாலை மூன்று மணிக்குமேல் இருந்து பார்த்தவர்க்கு அது விளங்கும். கடற்காட்சிக்கென்று விலை கொடுத்தவர்கள், வெயிலுக்கஞ்சித் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டுக் குளிரூட்டியைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்!

இக்கணிப்புக்கு உலகெங்கும் வழங்கும் மென்பொருள்களுள் ஒன்று எனர்ஜிபிளஸ். அமெரிக்க அரசின் சக்தித் திணைக்களம் 2001இல் வெளியிட்டது. இன்றும் இலவசமாகக் கிடைப்பது. ஆகவே பணம் முழுவதும் இயந்திரத்துக்கே செல்கிறது.

அம்மென்பொருள் வேலை செய்யும் விதத்தை அறிந்தால் எதை வாங்குவது என்பது தானே புலப்படும். ஆண்டொன்றில் 8,760 மணித்தியாலங்கள். மணிக்கு ஆறு தடவை கணக்கிட்டால் 52,560 படிகள். ஒவ்வொரு படியிலும் வெயில், காற்றின் வெம்மை, ஈரப்பதன், உள்ளிருக்கும் மனிதர், எரியும் விளக்கு யாவும் கணக்கில் வருகின்றன. சுவரானது பகலில் வாங்கிய சூட்டை இரவில் மெல்லக் கக்குவது. ஆதலின் முந்திய படியின் விடை தெரியாமல் அடுத்த படியைத் தொடவியலாது. புறக்கோட்டைக் கடையிலே நேற்றைய இருப்பை அறியாமல் இன்றைய பேரேட்டை எழுதமுடியுமா? எட்டுக் கணக்கப்பிள்ளைமாரை அமர்த்தினாலும் ஒருவர் எழுத ஏழுபேர் பார்த்திருக்க வேண்டியதுதான். புறொசெசருக்குள் இருக்கும் ‘கோர்’ என்னும் பிரிவுகளின் நிலையும் இதுவே. ஒரு கட்டடத்தின் ஓராண்டுக் கணக்குக்கு வேண்டியது பல கோர்கள் அல்ல, வேகமான ஒரு கோர். படப் பலகையோ இதிற் பெரிதாகக் கைகொடுப்பதில்லை.

ஆயினும், சன்னலின்மேல் நிழற்பலகை ஒரு முழமா இரண்டு முழமா, கண்ணாடி எந்த வகை, சுவருக்கு எந்த நிறம் என்று நூறு மாற்றங்களைச் சோதிக்கும்போது கதை வேறு. அவை ஒன்றையொன்று சாராதவை. பரீட்சை விடைத்தாள்களைப் பல ஆசிரியர் பகிர்ந்து திருத்துவது போல, அப்போது எட்டுக் கோர்களும் வேலை செய்யும். அவற்றுக்கு ஈடாக நினைவகமும் வேண்டும். 16 ஜிகாபைட் மாணவருக்குப் போதும், பின்னர் கூட்டிக்கொள்ள இடமிருந்தால் நன்று. விடைகளை விரைந்து எழுதிவைக்க எஸ்.எஸ்.டி. வட்டு அவசியம். முப்பரிமாணப் படங்களை ஒளிப்படம்போல் மெருகேற்ற விரும்புவோருக்குப் படப் பலகை பயன்படும் என்பதையும் மறைக்கலாகாது. அதனை முதலாண்டிலேயே வாங்கவேண்டியதில்லை.

இன்னுமொன்று. மெல்லிய மடிக்கணனியைக் கண்டு மயங்கவேண்டாம். சூடேறினால் புறொசெசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கட்டடத்தின் வெப்பத்தைக் கணிக்க வந்த கருவி நம்மூர் வெக்கையில் தானே இளைத்துப்போவது விந்தைதான். மேசைக் கணனி காற்றோட்டமானது, அதே விலைக்கு வேகமும் கூடியது. ஆனால் 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை இவ்வூரில் யார் மறப்பார்? அவ்வாண்டில் டொலரொன்று ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360க்கு ஏறியதால் இறக்குமதிக் கணனிகளின் விலையும் உயர்ந்தது. அன்று தொட்டுத்தான் காப்பைப் பற்றிய யோசனை எழுகிறது. மேசைக் கணனி வாங்குவோர் யூ.பி.எஸ். பெட்டியையும் சேர்த்தே விலை கேட்கவேண்டும்.

இவள் நாள்தோறும் மொறட்டுவைக்குக் கொண்டுசெல்லவேண்டியவள். எனவே சற்றுத் தடித்த, விசிறி நன்றாக வேலை செய்யும், புதிய தலைமுறைப் புறொசெசருள்ள மடிக்கணனி ஒன்றைத் தேர்ந்தோம். புதிய விலைச்சீட்டுக்கு ஒரு காப்பே போதுமாயிற்று. அதையும் வைக்காமல் முடிந்திருந்தால் நான் மகிழ்ந்திருப்பேன், முடியவில்லை.

முந்தாநாள் அவள் தொலைபேசியிற் பேசினாள். முதற் கணக்கைத் தங்கள் கொட்டாஞ்சேனை வீட்டுக்கே போட்டுப் பார்த்தாளாம். ஒரு நிமிடத்துக்குள் விடை வந்ததாம். கொழும்பு பூமத்தியரேகைக்கு வடக்கே ஏழு பாகை அளவிலேயே இருப்பதால் நண்பகற் சூரியன் ஆண்டு முழுவதும் பெரும்பாலும் தலைக்குமேலேயே நிற்கிறான். அவ்வீட்டில் வெப்பத்தின் பெருவாயில் சுவரன்று, தகரக் கூரை.

“அதை நான் கணனியில்லாமலே சொல்லியிருப்பனே” என்றாராம் தாயார். ஆனால் கூரைக்கு வெள்ளை பூசினால் எவ்வளவு குறையும், உட்கூரை அடித்தால் எவ்வளவு குறையும் என்ற இரண்டு எண்களையும் மகள் எழுதிக் காட்டியபின், தச்சரை வரச்சொல்லி ஆளனுப்பியிருக்கிறார்.