பாதிச் சாப்பாடு, பாதி வெளிச்சம்

வாடகைக்குப் போகிற ஃப்ளாட்டில் சில சமயம் சுவரில் ஒரு குமிழ் இருக்கும். ஃபேன் ரெகுலேட்டர் இல்லை, லைட்டுக்கான டிம்மர். முன்பு குடியிருந்த ரசிகர் யாரோ விட்டுப் போனது. ஆசையாக ஒரு 9 வாட் எல்.ஈ.டி. பல்பை மாட்டிக் குமிழைத் திருகுகிறீர்கள். பாதி தூரம் வரை ஒன்றும் நடக்காது. அப்புறம் பல்பு கண்ணடிக்கும். இன்னும் கொஞ்சம் திருகினால் உர்ரென்று சத்தம். பிறகு கும்மிருட்டு. ராத்திரி 2 மணிக்குக் கைக்குழந்தைக்குப் பால் கலக்க லேசான வெளிச்சம் கேட்டவனுக்குக் கிடைப்பது கோயில் திருவிழா சீரியல் செட். குழந்தை முழித்துக்கொள்கிறது. மனைவியும்.

கடைக்குப் போய், ‘‘டிம் ஆகிற எல்.ஈ.டி. இருக்கா?’’ என்று கேட்டால், ‘‘எல்லாமே டிம் ஆகும் சார். கொஞ்ச நாள் போனா தானா டிம் ஆயிடும்’’ என்கிறார்கள். உண்மைதான். ஆனால் கேள்வி அது இல்லை.

குற்றவாளி பல்பா, டிம்மரா என்று தீர்ப்புச் சொல்லும் முன் டிம்மரின் வேலையைப் பார்க்க வேண்டும். அது மின்சாரத்தைக் குழாய்த் தண்ணீர் மாதிரி மட்டுப்படுத்தி அனுப்புகிறது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. மின்தடையைக் குறுக்கே வைத்து, வேண்டாத மின்சாரத்தைச் சூடாக்கி வீணடிப்பார்கள். தொட்டால் கொதிக்கும் அந்தக் காலத்துப் பெட்டி சைஸ் ஃபேன் ரெகுலேட்டர் இந்த ஜாதிதான். 1959-ல் நியூயார்க்கில் ஜோயல் ஸ்பைரா என்பவர் வீட்டின் உபரி படுக்கையறையில் உட்கார்ந்து, சுவர்ப்பெட்டிக்குள் அடங்குகிற எலெக்ட்ரானிக் டிம்மரைச் செய்தார். 1961-ல் லூட்ரான் என்று கம்பெனியே ஆரம்பித்துவிட்டார். இவர் வழி தடுப்பது அல்ல, கத்தரிப்பது.

நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 தடவை மேலும் கீழுமாக அலையடிக்கிறது. ஒவ்வோர் அரை அலைக்கும் 10 மில்லி செகண்ட். டிம்மருக்குள் இருக்கும் டிரயாக் என்கிற சில்லு, அரை அலை ஆரம்பித்ததும் கதவைத் திறக்காது. கொஞ்சம் காத்திருந்து திறக்கும். எவ்வளவு நேரம் என்பதைத்தான் குமிழ் தீர்மானிக்கிறது. 5 மில்லி செகண்ட் காத்தால் பாதி பவர். அலை முடிந்து கரண்ட் வற்றியதும் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். இது விநாடிக்கு 100 தடவை.

குண்டு பல்புக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை. சுமார் 2,400 டிகிரியில் பழுத்திருக்கும் டங்ஸ்டன் இழை, கரண்ட் நிற்கிற அந்தச் சில மில்லி செகண்டுக்குள் ஆறிவிடாது. கொடுத்ததற்குத் தகுந்த சூடு, சூட்டுக்குத் தகுந்த வெளிச்சம். மாதிரிக்கு ஒரு மெஸ். அரிசி பாதி வந்தால் அளவுச் சாப்பாட்டையும் பாதியாக்கிப் போடும் நாணயமான மெஸ்.

எல்.ஈ.டி. பல்புக்குள் இருப்பது வேறு மாதிரி மேனேஜர். டிரைவர் என்று பெயர். அவருடைய ஒரே லட்சியம், வரவு எப்படி இருந்தாலும் எல்.ஈ.டி.க்குப் போகும் கரண்ட் குறையக் கூடாது. நம் ஊர் வோல்டேஜ் ஏறி இறங்கும் லட்சணத்துக்கு இந்தக் குணம் பெரிய வரம். ஆனால் டிம்மர் அலையைக் கத்தரித்தால் இதையும் ‘சப்ளை கோளாறு’ என்றே எடுத்துக்கொள்வார். மிச்சமிருக்கும் நேரத்தில் அதிகமாக இழுத்து முழுச் சாப்பாடே போடுவார். குமிழைப் பாதி திருகியும் வெளிச்சம் குறையாத மர்மம் இதுதான். ஒரு கட்டத்தில் முடியாமல் ‘சாப்பாடு இல்லை’ போர்டு தொங்கும். கொஞ்சம் அரிசி சேர்ந்ததும் கதவு திறக்கும். மறுபடி போர்டு. இந்தத் திற-மூடுதான் நீங்கள் பார்த்த கண்ணடிப்பு.

டிரயாக்குக்கும் ஒரு குணம் உண்டு. வழியாகப் போகும் கரண்ட் ஓர் அளவுக்குக் கீழே போனால் பாதியிலேயே கதவைச் சாத்திவிடும். ஃபைல் வராவிட்டால் தூங்கிவிடும் குமாஸ்தா. 60 வாட் குண்டு பல்பு சுமார் 260 மில்லி ஆம்பியர் இழுக்கும். 9 வாட் எல்.ஈ.டி. 40 மில்லி ஆம்பியர். விழித்திருக்க இது போதாது. அதனால்தான் பல டிம்மர்களில் குறைந்தது 40 வாட், 60 வாட் லோடு வேண்டும் என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். மாட்டிய பிறகு அந்தப் பொடி எழுத்து சுவருக்குள் போய்விடுகிறது.

இதைவிட மோசம், நடு அலையில் கதவு திறக்கிற அந்தக் கணம். பூஜ்யத்திலிருந்து 325 வோல்ட் உச்சிக்கு ஒரே தாவல். டிரைவருக்குள் காலியாக இருக்கும் கெபாசிட்டர் மேல் அது சம்மட்டி மாதிரி இறங்கும். ‘உர்’ சத்தமும் சூடும் இந்த அடியின் விளைவு. பல வருஷம் உழைக்க வேண்டிய பல்பு சில மாசத்தில் செத்துப்போவது இப்படித்தான். குமிழை ஃபுல்லில் வைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம். பல டிம்மர்கள் ஃபுல்லிலும் அலையின் ஓரத்தைக் கொஞ்சம் கொறிக்கும்.

‘டிம்மபிள்’ என்று அட்டையில் போட்ட பல்புக்குள் இதற்கெல்லாம் ஏற்பாடு உண்டு. தாவி வரும் கரண்டைத் தாங்கிப்பிடிக்க ஒரு பகுதி. சும்மாவாவது கொஞ்சம் கரண்ட் குடித்து டிரயாக்கைத் தூங்கவிடாமல் வைக்க ஒரு பகுதி. முக்கியமாக, அலை எவ்வளவு வெட்டுப்பட்டிருக்கிறது என்று அளந்து, அதைக் கோளாறாக அல்லாமல் முதலாளியின் உத்தரவாகப் படிக்கத் தெரிந்த மேனேஜர். ‘இன்று பாதிச் சாப்பாடு’ என்று புரிந்ததும் எல்.ஈ.டி.யின் கரண்டைக் குறைக்கிறார். அல்லது விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை அணைத்துப் போட்டு நம் கண்ணை ஏமாற்றுகிறார். கூடுதல் விலை இந்தப் புத்திசாலித்தனத்துக்குத்தான், கொடுக்கலாம்.

கொடுத்தும் இரண்டு ஏமாற்றங்கள் பாக்கி. ‘10 சதவிகிதம் வரை டிம் ஆகும்’ என்றால் அது மீட்டர் கணக்கு. நம் கண்மணி இருட்டில் விரிந்து கொடுப்பதால் 10 சதவிகிதம் என்பது ஏறக்குறைய 30 சதவிகிதமாகத் தெரியும். ‘இன்னும் குறையவே இல்லையே சார்’ என்ற புகாரில் பாதி இதுதான். அடுத்தது, குண்டு பல்பு மங்கும்போது மாலை வெயில் மாதிரி சிவக்கும். சாதாரண எல்.ஈ.டி. மங்கினாலும் அதே நிறம். நிறமும் சேர்ந்து மாறும் தனி ரகம் இருக்கிறது. விலையைக் கேட்டுவிட்டு உட்காரவும்.

டிம்மரையே மாற்றுவதாக இருந்தால், அலையின் தலைக்குப் பதில் வாலை வெட்டும் ‘ட்ரெய்லிங் எட்ஜ்’ ரகமாகக் கேளுங்கள். அதில் தாவல் இல்லை, குறைந்த லோடிலும் பெரும்பாலும் ஒழுங்காக வேலை செய்யும். ‘400 வாட்’ என்று போட்டிருந்தால் அது குண்டு பல்புக் கணக்கு. எல்.ஈ.டி. என்றால் அதைவிட வெகுவாகக் குறைவு. ‘‘ஃபேன் ரெகுலேட்டர்லயே கொடுத்துடலாம் சார், எல்லாம் ஒண்ணுதான்’’ என்று சொல்லும் எலெக்ட்ரீஷியனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். வாடகை வீட்டில் சுவரைத் தொட முடியாதவர்களுக்கு, சாதாரண ஸ்விட்சை அணைத்துப் போட்டாலே படிப்படியாகக் குறையும் பல்புகள் இருக்கின்றன. அவற்றுக்கு டிம்மரே வேண்டாம்.

பால் கலக்க மட்டும்தான் என்றால் அரை வாட் எல்.ஈ.டி. நைட் லாம்ப் போதும். அந்தக் கால ஜீரோ வாட் பல்பு, பெயர்தான் ஜீரோ. 10, 15 வாட் இழுத்தது. அரை வாட்டை மட்டும் அந்தக் குமிழ் இருக்கிற பாயின்டில் மாட்டிவிடாதீர்கள். குமாஸ்தா தூங்கிவிடுவார், குழந்தை தூங்காது.