கடல் தானே தேறிவிடும் என்போருக்கு



"கடலுக்கு என்ன கேடு வந்தாலும் அது தானே தேறிவிடும், படைத்தவன் பார்த்துக்கொள்வான்" என்று நம்மவர் சிலர் கூறக் கேட்கிறோம். படைத்தவனின் ஆற்றலில் நமக்கு எள்ளளவும் ஐயமில்லை. அதைத் தம் பொறுப்பின்மைக்குத் திரையாக்கிக் கொள்வதையே மறுக்கிறோம்.

கடல் முன்பும் அழிந்து தேறியதல்லவா என்பார்கள். அந்த வரலாற்றையே பார்ப்போம். 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன், இன்றைய மெக்சிகோவின் சிக்சுலுப் பகுதியில் பெரும் விண்கல் ஒன்று மோதியது. டைனோசர்கள் மாண்ட கதையை நம் பிள்ளைகளும் அறிவர். கடல்நீரில் மிதந்து வாழும் பிளாங்க்டன்களுக்கு நேர்ந்ததை அறிந்தோர் குறைவு. தூசியும் கந்தகப் புகையும் கதிரவனை மறைத்தன. கடல்நீரில் அமிலத்தன்மை கூடியது. சுண்ணாம்பு ஓடு கட்டி மிதக்கும் நுண்ணுயிர் இனங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அற்றுப்போயின.

2016இல் அந்தப் பள்ளத்தைத் துளையிட்டு ஆய்ந்தோர், மோதலுக்குச் சில ஆண்டுகளிலேயே அங்கு உயிர்கள் திரும்பியதற்கும், 30,000 ஆண்டுகளுக்குள் செழிப்பு மீண்டதற்கும் சான்று கண்டனர். 'தானே தேறும்' என்போர் பற்றிக்கொள்வது இந்த இடத்தைத்தான். ஆனால் திரும்பியவை எவை? எந்த இடரையும் தாங்கவல்ல சில இனங்கள். ஒன்று பெருகி ஓங்கும், பின் சரியும், அதனிடத்தில் வேறொன்று வரும். பசிபிக் கடலடிப் படிவுகளை ஆராய்ந்து 2019இல் வெளியிடப்பட்ட முடிவின்படி, இத்தள்ளாட்டம் அடங்கவே ஏறத்தாழ 18 லட்சம் ஆண்டுகள் சென்றன. இனங்களின் எண்ணிக்கை பழைய அளவை எட்ட ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுகள்! மனித இனம் தோன்றியே சுமார் 3 லட்சம் ஆண்டுகள்தாம் ஆகின்றன என்பதை இதனோடு ஒப்பிட்டுக் கொள்ளுங்கள். அப்போதும் தேறியது கடல்தான். அற்றுப்போன இனங்களில் ஒன்றுகூட மீளவில்லை.

இன்றைய நிலை விண்கல் மோதலுக்கு ஒப்பானதன்று. மிகைப்படுத்த நாம் விரும்பவில்லை. எனினும் நாம் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும் வெளிவிடும் கரியமில வாயுவில் ஒரு பகுதியைக் கடல் உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. அதன் நீர் மீண்டும் அமிலத்தை நோக்கி நகர்கிறது. அதே சுண்ணாம்பு ஓட்டு உயிர்கள்தாம் இம்முறையும் முன்வரிசையில் நிற்கின்றன. நம் தட்டுக்கு வரும் மீனின் உணவுச் சங்கிலி பிளாங்க்டன்களிலிருந்தே தொடங்குகிறது. வலீமா விருந்துக்காக விடிய விடிய ஜெனரேட்டரை ஓட்டுவோர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும்.

இப்படிப் பேசுவோரின் கடையில் தீப்பற்றினால், இறைவன் நாடினால் தானே அணையும் என்று கைகட்டி நிற்கிறார்களா? தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டல்லவா ஓடுகிறார்கள்!