எல்லவில் இறங்கிவிடுகிறவர்களுக்கு

காலையில் கொழும்புக் கோட்டையில் புறப்படும் பொடி மெனிக்கே எல்ல நிலையத்துக்கு வந்து நின்றதும் பெட்டி பாதிக்கு மேல் காலியாகிவிடும். முதுகுப்பைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு இறங்கும். மேடையில் ஐந்து நிமிடம் திருவிழாக் கூட்டம். ரயில் மறுபடி நகரும்போது உள்ளே மிஞ்சியிருப்பது நாங்கள்தான்: பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், பண்டாரவளையில் சாமான் வாங்கித் திரும்புகிறவர்கள், கொழும்புக் கடைகளில் வேலைக்கு நிற்கும் பையன்கள். தீபாவளிக்கு முதல் நாள் என்றால் அந்தப் பையன்களின் மடியில் தம்பி தங்கைக்கு எடுத்த உடுப்புப் பையும் இருக்கும்.

ஒருமுறை ஒரு முதுகுப்பை மட்டும் இறங்காமல் உட்கார்ந்திருந்தது. சென்னைத் தம்பி. வேலையை விட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பி வந்தவர். மூன்று நாள் எல்லவில் தங்கியாயிற்று, சும்மா பாதை முடியும் இடம்வரை போய்ப் பார்க்கலாமென்று அன்று மறுபடி ஏறியிருக்கிறார்.

"அண்ணா, பதுளைல பாக்க என்ன இருக்கு? ஒண்ணுமில்லன்னு சொல்றாங்களே."

நான் பதில் சொல்வதற்குள் அடுத்த கேள்வி. "நீங்க தமிழ் சூப்பரா பேசுறீங்க. இந்தியால எந்த ஊர்லேர்ந்து வந்தீங்க?"

"வந்தது நான் இல்ல தம்பி, எங்க பாட்டனுக்குப் பாட்டன்."

அவர் சிரித்தார். பகிடி என்று நினைத்துக்கொண்டார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, இந்த மூன்று நாளில் இந்த நாட்டை உள்ளுக்குள் உணர்ந்துவிட்டதாகச் சொன்னார். "கூட்டமாப் போனா ஊர் தெரியாதுண்ணா. தனியாப் போகணும். அப்பதான் ஊர் நம்மகிட்ட பேசும்."

அந்தத் தம்பிமீது எனக்குக் கோபம் இல்லை, மரியாதையான பிள்ளை. கோபம் அவர் சொன்ன அந்த வாக்கியத்தின்மீது. ஒரு பை, ஒரு போன், திட்டம் எதுவும் இல்லாமல் இரண்டு மூன்று நாள் நடந்தால் ஊரின் நிஜ முகம் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை இன்றைக்கு ஒரு மதம்போல ஆகிவிட்டது. பஸ்ஸில் கும்பலாக வந்து கொடி பிடித்தவர் பின்னால் நடப்பவர் வெறும் சுற்றுலாக்காரர். தனியாக வந்தவரோ பயணி, தேடல் உள்ளவர். வெள்ளைக்காரர் சொல்லித்தந்த இந்தப் பாடத்தைச் சென்னையும் கொழும்பும் இப்போது வரி பிசகாமல் ஒப்பிக்கின்றன. எங்கள் ஊவா மாகாணத்தில் நின்று பார்த்தால் அது பச்சைப் பொய்.

மூன்று நாளில் தனிப்பயணி பார்ப்பது எதை? முதல் நாள் ஒன்பது வளைவுப் பாலம். எந்த ரயிலிலிருந்து இறங்கினாரோ அதே ரயிலைப் படம் பிடிக்கத் தண்டவாளத்தோடு நடந்து போவார். இரண்டாம் நாள் எல்லப் பாறை அல்லது சின்னச் சிவனொளிபாதம். மூன்றாம் நாள் அப்புத்தளைக்கு ஏறி, தம்பேதன்னை தாண்டி லிப்டன் இருக்கை. விடியற்காலையில் போனால் மூடுபனி விலகி மலை மலையாகத் தேயிலை தெரியும். மனிதர் யாரும் இல்லாத பச்சை. "என்ன ஒரு அமைதி" என்று எழுதிப் போடுவார்.

அந்த இருக்கையைப் பற்றிக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். தாமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கினார். தம்பேதன்னைத் தொழிற்சாலையும் அந்த ஆண்டைச் சேர்ந்ததுதான். மேலே அந்த முனையில் உட்கார்ந்து தன் சொத்து எதுவரை பரந்திருக்கிறது என்று அவர் பார்ப்பாராம். முதலாளி தன் உடைமையைப் பார்க்கத் தேர்ந்தெடுத்த இடம் அது. அங்கிருந்து தேயிலை தெரியும், பாதை தெரியும், ஆள் தெரியாது. தூரத்தில் அசையும் புள்ளிகளாகத் தெரிந்தால் அதுவே அதிகம். நூற்று முப்பது வருடம் கழித்துத் தனியாக மலையேறி வருகிறவர் அதே இடத்தில் உட்கார்ந்து அதே பார்வையைப் பார்த்துவிட்டு, ஊரின் ஆன்மாவைக் கண்டேன் என்கிறார். துரை கண்டதைத்தான் அவரும் கண்டார். துரையாவது கணக்குப் புத்தகத்தைப் பார்த்தார்.

அவர் அமைதி என்று சொல்கிற நேரத்தில் கீழே பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு முடிந்திருக்கும். எந்த மலைக்குப் போக வேண்டும் என்று கங்காணி சொல்லியாயிற்று. இடுப்பில் படங்கைச் சுற்றி, தலையில் கூடைக் கயிற்றைப் போட்டு, பெண்கள் நிரையில் இறங்கியிருப்பார்கள். நிர்ணயித்த கிலோ வந்தால் ஒரு பேர், அதாவது முழு நாள் சம்பளம். வராவிட்டால் அரைப்பேர்தான் விழும். நாள் சம்பளம் 1000 ரூபா ஆனது 2021இல், எத்தனையோ வருடப் போராட்டத்துக்குப் பிறகு. 2024இல் 1350. எல்லவில் முகப்புக் கண்ணாடி போட்ட கடையில் நுரை பொங்கும் ஒரு கோப்பை காப்பி அதில் பாதியை விழுங்கிவிடும்.

இந்தக் கணக்கு தெரியாதவர்தான் பாதையில் நின்று கையசைத்து, "அக்கா, ஒரு போட்டோ" என்பார். அக்கா நிமிர்ந்து சிரிப்பார். அந்த இரண்டு நிமிடத்துக்கும் கிலோ உண்டு. சிரித்த முகம் படத்தில் வரும், தராசு வராது.

ஊவாத் தேயிலையின் பெருமை பற்றியும் பயணிக்குக் கடைக்காரர் சொல்லியிருப்பார். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை மலையைத் தாண்டி இறங்கும் வறண்ட கச்சான் காற்றுதான் அந்தத் தனி வாசத்தைத் தருகிறது. உலகச் சந்தையில் அதற்கு நல்ல விலை. சொல்லாமல் விட்டது மறுபாதி. காற்று காய்ச்சினால் கொழுந்து துளிர்ப்பது குறையும், அதே மலையில் அதே கிலோவுக்கு இரண்டு மடங்கு நடக்க வேண்டும். கோப்பையில் வாசம் ஏறுகிற மாதத்தில் எங்கள் வீட்டுச் சம்பளப் பட்டியலில் அரைப்பேர் ஏறும். என் அம்மா செப்டம்பரில் கடைக் கொப்பியைத் திறந்து பார்க்கவே பயப்படுவார்.

"நாங்கள் வருவதால்தானே உங்கள் ஆட்களுக்கு வருமானம்" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி, பதில் சொல்லத்தான் வேண்டும். பயணிக்கு அறை வாடகைக்கு விட முதலில் அறை சொந்தமாக இருக்க வேண்டும். சாப்பாட்டுக் கடை போட ஒரு துண்டு நிலமாவது வேண்டும். வங்கியில் கடன் கேட்டால் உறுதிப்பத்திரம் கேட்பார்கள். பரம்பரை பரம்பரையாக லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், இருக்கிறவருக்கு அந்தப் பத்து அடிக் காம்பரா சொந்தமில்லை. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுக்குப் போயின, 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பெனிகளின் கைக்கு வந்தது. கை மாறி மாறி வந்ததில் லயக்காரரின் கைக்கு மட்டும் வரவில்லை. ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்ற திட்டம் வந்தது, கிடைத்தவர்கள் கொஞ்சம், காத்திருப்பவர்கள் மிச்சம். ஆகவே எல்லவின் வருமானம் பாதையோரத்தில் காணி இருந்தவருக்குப் போனது. எங்கள் பிள்ளைகளுக்கு அங்கே கிடைத்தது படுக்கை விரிப்பு மாற்றும் வேலையும் முச்சக்கரவண்டி ஓட்டும் வேலையும். பயணி தாராளமானவராக இருக்கலாம். அவர் பணம் ஓடுகிற வாய்க்காலை வெட்டியது அவரில்லை, ஆனால் அது எங்கள் பக்கம் திரும்பாது என்பதையாவது அவர் தெரிந்துகொள்ளட்டும்.

அமைதி என்ற சொல்லையும் விட்டுவிட முடியாது. 1983 ஜூலையில் பதுளை நகரத்தில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. 2000 ஒக்டோபர் 25 அன்று, எல்லவுக்குப் பக்கத்திலுள்ள பண்டாரவளையில், பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் வைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர்கள் கும்பலால் அடித்துக் கொல்லப்பட்டார்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. ஆபத்தான இடம் என்று முன்பே எச்சரிக்கை இருந்தது. போவதற்கு வேறு இடம்தான் இல்லை. பயணிகள் நின்று படமெடுக்கும் தியலும நீர்வீழ்ச்சி அதே கொஸ்லந்தைப் பக்கம்தான். மூன்று நாள் அமைதியில் இவற்றில் ஒன்றாவது யாரிடமாவது பேசியதா?

தனியாகப் போவது என்பதே எல்லோருக்கும் கிடைக்கிற வரம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் முன்னோர் மண்டபம் முகாம் வழியாக வந்தபோது, எந்தத் தோட்டத்துக்குப் போக வேண்டியவர் என்று பொறித்த தகரத்துண்டு ஒன்றை மாட்டிவிடுவார்கள். அதுதான் அவர்களுடைய டிக்கெட். இறங்கும் இடத்தை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் எங்கள் ஆட்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து ஐந்தேகால் லட்சம் பேர் அந்தப் பக்கம், மூன்று லட்சம் பேர் இந்தப் பக்கம் என்று பிரித்தார்கள். அப்போதும் யாரிடமும் கேட்கவில்லை. 2003இல்தான் எஞ்சியவர்களுக்கும் குடியுரிமை தரும் சட்டம் வந்தது. போர்க்காலத்தில் தோளில் பையோடு தனியாக பஸ் ஏறுகிற தோட்டத்துப் பையனைச் சோதனைச் சாவடியில் இறக்கிவிடுவார்கள். அடையாள அட்டை இல்லையென்றால் அன்றைய இரவு பொலிஸில். என் வயதுக்காரர் பலருக்குத் தனிப்பயணத்தின் முதல் அனுபவம் அதுதான். இன்று அதே பை, அதே பஸ், அதே தனிமை, ஒருவருக்கு மட்டும் தேடல் என்ற பெயர் பெறுகிறது.

நானும் யோக்கியன் இல்லை. போர் முடிந்த மறுவருடம், ஏ9 பாதையில் பஸ் ஓடத் தொடங்கியிருந்த நேரம், ஒரு பையோடு யாழ்ப்பாணம் போனேன். நான்கு நாள். நல்லூர், கோட்டை, எரிந்து திரும்பக் கட்டிய நூலகம். திரும்பி வந்து யாழ்ப்பாணத்தைப் பற்றி ஊரெல்லாம் பேசினேன். நான் தங்கிய வீட்டு ஐயா கடைசிநாள் கேட்டது மட்டும் யாருக்கும் சொல்லவில்லை: "தம்பி, நாலு நாளா நீரே கதைக்கிறீர். எங்களை ஒண்டும் கேக்கேல்லையே?"

சரி, சென்னைத் தம்பியின் கேள்விக்கு வருவோம். பதுளையில் என்ன இருக்கிறது? பௌத்தர்களின் புனிதத் தலங்கள் பதினாறில் ஒன்றான முத்தியங்கனை விகாரை இருக்கிறது. ஊருக்கு வெளியே துன்ஹிந்த நீர்வீழ்ச்சி இருக்கிறது. மேஜர் ரோஜர்ஸ் நினைவாகக் கட்டிய புனித மாற்கு தேவாலயம் இருக்கிறது. அந்த ஆள் ஆயிரத்துக்கு மேல் யானைகளைச் சுட்டுக் கொன்றதாகச் சொல்வார்கள். 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து செத்துப்போனார். வானத்தின் தீர்ப்பு என்று எங்கள் கிழவர்கள் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். இவையெல்லாம் வழிகாட்டிப் புத்தகத்திலேயே கிடைக்கும்.

புத்தகத்தில் கிடைக்காதது பஸ் நிலையத்தில் இருக்கிறது. பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஸ்பிரிங்வேலி, நமுனுகுல என்று பலகை மாட்டிய வண்டிகள் அங்கிருந்துதான் தோட்டங்களுக்கு ஏறும். சம்பளத்துக்கு மறுநாள் போய் நின்றால் மாவு மூட்டையும் பள்ளிக்கூடச் சப்பாத்தும் எந்த மலைக்குப் போகின்றன என்று தெரியும். 2012 குடிசனக் கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் தமிழர். எல்லவின் காப்பிக்கடை மேசைகளில் அந்த ஐந்தில் ஒருவரைத் தேடிப் பாருங்கள்.

இதே மாவட்டத்துத் தோட்டம் ஒன்றின் பெயர் தமிழ் இலக்கியத்தில் நிலைத்திருக்கிறது என்பது தமிழ்நாட்டிலிருந்து வருகிறவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். தெளிவத்தை ஜோசப் 1934இல் ஹாலி எலப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். தெளிவத்தைத் தோட்டத்தில் வேலை பார்த்து அதன் பெயரையே தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டார். 2013இல் விஷ்ணுபுரம் விருது கொடுத்தது தமிழ்நாடுதான். லயத்து ஒற்றைக் காம்பராவில் ஒரு குடும்பம் எப்படிப் படுத்து எழும்புகிறது என்பதை அறிய அவரது சிறுகதைகள் நாலு போதும். பையில் அதற்கு இடமிருக்கும். துவாயைவிடக் கனம் குறைவு.

பயணம் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. தனியாகவே வாருங்கள். பார்த்ததைப் பார்த்தேன் என்று மட்டும் சொல்லுங்கள், அறிந்தேன் என்று சொல்லாதீர்கள். யாரையாவது படம் எடுப்பதற்கு முன்னால் இன்றைக்கு எத்தனை கிலோ என்று கேளுங்கள். அதற்கு அவர் சொல்கிற பதிலோடு ஊர் பேசத் தொடங்கும், முடிவதற்கு மூன்று நாள் போதாது.

அன்றைக்கு ரயில் தெமோதரை நிலையத்தைக் கடந்து, மலையை ஒரு சுற்றுச் சுற்றி, அதே நிலையத்துக்குக் கீழே சுரங்கத்துக்குள் நுழைந்தது. சென்னைத் தம்பி எழுந்து கதவருகே நின்று ஆச்சரியப்பட்டார். பெட்டியில் வேறு யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எதிர் இருக்கையில் மருந்துச் சீட்டோடு இருந்த கிழவி அவர் பையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, "உக்காரு தம்பி, விழுந்துறப்போற" என்றார். அவர் வந்து உட்கார்ந்தார். உடுவரை வரும்வரை தம்பி அந்த ஆத்தாவிடம் எந்தத் தோட்டம், எத்தனை பிள்ளைகள், எந்தப் பிள்ளை இப்போது எந்த நாட்டில் வீட்டு வேலை செய்கிறது என்று கேட்டுக்கொண்டே வந்தார். போனை எடுக்கவில்லை.

பாதை இங்கே வந்து சேர்ந்தது 1924இல். எல்லவிலிருந்து பதுளைக்கு ரயிலில் ஒரு மணி நேரம்தான். அடுத்த முறை கடைசி நிலையம்வரை டிக்கெட் எடுங்கள்.