சலைன் பாட்டிலைத் திறப்பது யார்?

வடக்குப்பட்டு, ஒரகடம் பக்கம் ஷிப்ட் முடிச்சு பல்வலியோட கிளினிக் போற தோழர்களே, ஒரு நிமிஷம்.

2022–23ல் வாணியம்பாடியில் ஒரே பல் கிளினிக்கில் சிகிச்சை எடுத்த 10 பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் தொற்று. 8 பேர் இறந்துட்டாங்க. 2025ல் லான்செட் குழும இதழில் வந்த ஆய்வு சொல்வது: சலைன் பாட்டிலைப் பல் கருவியாலேயே திறந்து, மிஞ்சியதைப் பஞ்சால் அடைச்சு, அடுத்தவருக்கும் பயன்படுத்தியிருக்காங்க.

அங்கே தப்பு உதவியாளர் மேல்னு நாம சொல்லல. ஆனா கருவி கழுவுவது, பாட்டில் எடுத்துத் தருவது பல கிளினிக்கில் உதவியாளர் அக்காதான். 1948 பல் மருத்துவர்கள் சட்டத்தில் மருத்துவர், ஹைஜீனிஸ்ட், மெக்கானிக் மூவருக்குத்தான் பதிவேடு. உதவியாளர் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது? அந்தச் சட்டத்தில் ஒரு வரி கிடையாது. பிரிட்டனில் 2008லிருந்தே டென்டல் நர்ஸுக்குப் பதிவு கட்டாயம். (நம்ம பிளான்ட்ல போர்க்லிப்ட் ஓட்டவே பயிற்சி கேட்கிறாங்க!)

2023ல் தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டம் நிறைவேறியாச்சு. அதன் விதிகளில் உதவியாளருக்குப் பயிற்சி, பதிவு, வேலை வரம்பு மூணையும் தெளிவா எழுதணும். இப்போ வேலையில் இருக்கும் அக்காக்களை வெளியே தள்ளாம, அவகாசம் கொடுத்து, கிளினிக் செலவிலேயே பயிற்சி கொடுக்கணும்.

அதுவரை நாற்காலியில் சாயும் முன்னாடி கூச்சப்படாம கேளுங்க: "சலைன் இப்போ திறந்ததா?"

#பல்உதவியாளர்பதிவு